படைவீரர் ஓய்வூதியத்தில் உங்கள் வாக்கு எங்கே? 39 மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 உறுப்பினர்களுக்கும், அடுத்த முறை அந்த நாற்காலிக்கு வேட்பாளராக வரக் காத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

தரைப்படையில் கிளார்க்காகச் சேர்ந்து நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். வேலூர் மாவட்டம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. துப்பாக்கியைவிடக் கோப்புகளோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். அதனால் ஒருவர் "படைவீரர்களுக்காகப் பாடுபட்டேன்" என்று சொன்னால் கைதட்டத் தோன்றுவதில்லை. எந்த ஆணை, என்ன தேதி, எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் வாய் வருகிறது.

தேர்தல் நேரத்தில் எங்கள் சங்கக் கட்டடத்துக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் வருகிறார்கள். சால்வை போடுகிறார்கள். மேடையில் நடுகல் மரபைத் தொடாத பேச்சாளர் இல்லை. கார்கில் வரும், கல்வான் வரும், நடுவில் ஒருவர் கண் கலங்குவார். எல்லாம் முடிந்து மோர் குடிக்கும்போது நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எங்கள் ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் பணம் ஒதுக்கும் கோரிக்கை அவைக்கு வந்தபோது நீங்கள், அல்லது உங்கள் கட்சி, எப்படி வாக்களித்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு எவரிடமும் பதில் இருப்பதில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பது தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு பதிவே நாட்டில் இல்லை.

வேட்புமனுவோடு நீங்கள் கொடுக்கும் படிவம் 26இல் மனைவியின் நகை எத்தனை கிராம், எந்த வங்கியில் எவ்வளவு கடன், எந்தக் காவல் நிலையத்தில் என்ன வழக்கு என்பதெல்லாம் இருக்கிறது. நாடாளுமன்றப் பணிகளைத் தொகுத்து வெளியிடும் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் உங்கள் வருகை விழுக்காடு, கேட்ட கேள்விகள், பங்கேற்ற விவாதங்கள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் எல்லாம் இருக்கின்றன. ஐந்தாண்டுக் காலம் எங்கள் பெயரால் நீங்கள் போட்ட வாக்குக்கு மட்டும் அங்கே கட்டம் இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். என் மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்பு அமைச்சகம் மக்களவையிடம் நான்கு மானியக் கோரிக்கைகளை வைக்கிறது. அமைச்சகத்தின் சிவில் செலவு ஒன்று. படைகளின் வருவாய்ச் செலவு ஒன்று. தளவாடங்கள் வாங்கும் மூலதனச் செலவு ஒன்று. நான்காவது முழுக்க முழுக்கப் பாதுகாப்பு ஓய்வூதியம். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இந்த நான்காவதற்கு மட்டும் ஒதுக்கியது 1,60,795 கோடி ரூபாய். பாதுகாப்புக்கான மொத்த ஒதுக்கீடான 6,81,210 கோடியில் இது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. சுமார் 34 லட்சம் ஓய்வூதியர்களின் அடுப்பு இதில்தான் எரிகிறது.

இவ்வளவு பெரிய தொகையை நிறைவேற்றும் முறையைப் பாருங்கள். ஆதரிப்பவர்கள் "ஆம்" என்று சொல்லலாம் என்பார் அவைத் தலைவர். ஒரு பக்கத்திலிருந்து சத்தம் வரும். எதிர்ப்பவர்கள் "இல்லை" என்று சொல்லலாம் என்பார். இன்னொரு பக்கத்திலிருந்து சத்தம் வரும். ஆம் என்றவர்களே அதிகம் என்று அறிவித்துவிடுவார். குரல் வாக்கெடுப்பு முடிந்தது. யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார், யார் காபி குடிக்கப் போயிருந்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறாது.

அந்தச் சத்தத்துக்குக்கூட எல்லா ஆண்டும் கொடுப்பினை இல்லை. ஒதுக்கிய நாள்களுக்குள் விவாதம் முடியாவிட்டால், மீதமுள்ள எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் ஒரே கட்டாக எடுத்து விவாதமின்றி நிறைவேற்றுவார்கள். நாடாளுமன்றத்தில் அதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2023 மார்ச் 23 அன்று ராகுல் காந்தி தன் லண்டன் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளும் தரப்பு கூச்சலிட, எதிர்த்தரப்பு அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு கேட்டுக் கூச்சலிட, ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய்க்கான கோரிக்கைகள் அத்தனையும் ஒரு வரி விவாதம் இல்லாமல் நிறைவேறின. அந்தக் கட்டுக்குள் எங்கள் 1,38,205 கோடியும் இருந்தது. 2018 மார்ச்சிலும் இதே கதைதான். அந்தக் கூட்டத்தொடரில் தமிழக உறுப்பினர்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அவையின் நடுவே நின்றார்கள். காவிரிக்காக நின்றவர்களைக் குறை சொன்னால் என் ஊரிலேயே என்னை உட்கார விடமாட்டார்கள், சொல்லவும் இல்லை. ஆனால் அந்த அமளியின் நிழலில் எது எது விவாதமின்றி நகர்ந்து போனது என்று ஊருக்குத் திரும்பி வந்து எவரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் நடந்த இரண்டு செய்திகளை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த நாட்டைத் தூக்கிப் பிடிப்பது என் நோக்கமில்லை. எது முடியும் என்பதற்கான சான்று.

2008இல் அதிபர் தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்ன், வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாகச் சிறையில் கிடந்தவர். அவருடைய நாட்டுப்பற்றை எவரும் சந்தேகிக்க முடியாது. அந்த ஆண்டு மே 22ஆம் தேதி, படைவீரர்களின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் புதிய சட்டத்துக்கான வாக்கெடுப்பு செனட்டில் 75க்கு 22 என்று முடிந்தது. திட்டத்தை எதிர்த்துவந்த மெக்கெய்ன் அன்று அவைக்கு வரவில்லை. அவரோடு போட்டியிட்ட ஒபாமா ஆதரித்து வாக்களித்தார். பட்டாளத்தைப் பார்த்தேயிராத ஒபாமா, போர்க் கைதியாக இருந்த ஒருவரிடம் படைவீரர் நலன் பற்றிக் கேள்வி கேட்க முடிந்தது. உடலில் இருந்த தழும்பு வேறு, ஏட்டில் இருந்த வாக்கு வேறு என்று அந்நாட்டு வாக்காளர்கள் பிரித்துப் பார்த்தார்கள்.

இரண்டாவது, 2022. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முகாம் குப்பைகளைத் திறந்த குழிகளில் எரித்த புகையைச் சுவாசித்து நோயாளிகளானவர்களுக்கு மருத்துவமும் இழப்பீடும் தரும் சட்டம். ஜூன் 16 அன்று செனட்டில் 84க்கு 14 என்று நிறைவேறியது. சிறிய திருத்தத்துக்காக மறுபடி வந்தபோது, ஜூலை 27 அன்று, 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 55தான் கிடைத்தன. 42 பேர் எதிர்த்தார்கள். முன்பு ஆதரித்த 25 குடியரசுக் கட்சிக்காரர்கள் மாறி வாக்களித்திருந்தார்கள். நிதிக் கணக்கை எந்தத் தலைப்பில் வைப்பது என்பதில் ஆட்சேபணை என்று அவர்கள் தரப்பில் காரணம் சொன்னார்கள். முன்னாள் வீரர்கள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று 86க்கு 11 என்று சட்டம் நிறைவேறியது. யார் மாறினார்கள் என்று பெயர் பெயராகத் தெரிந்ததால்தான் ஆறே நாளில் அது நடந்தது.

ஏட்டைப் படிப்பதற்கும் விவரம் வேண்டும் என்பது உண்மை. ஜூலை 27 அன்று "இல்லை" என்றவர்களில் ஆளுங்கட்சித் தலைவர் சக் ஷூமரும் ஒருவர். தோற்ற தீர்மானத்தை மறுபடி கொண்டுவர விதிப்படி அப்படி வாக்களிக்க வேண்டியிருந்தது. வெறும் எண்ணைப் பார்ப்பவர் அவரைத் துரோகி என்று எழுதிவிடலாம். ஆகவே ஒரு வாக்கை வைத்து ஒருவரைத் தூக்கில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாக்கு இருந்தால்தான் விளக்கம் கேட்க முடியும், விளக்கம் சொல்ல முடியும். இங்கே இரண்டுக்கும் இடமில்லை.

டெல்லியில் எங்கள் ஆட்களும் உட்கார்ந்தார்கள். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் (எந்த ஆண்டு ஓய்வு பெற்றாலும் ஒரே பதவிக்கும் ஒரே பணிக்காலத்துக்கும் ஒரே தொகை) கேட்டு 2015 ஜூன் 15 அன்று ஜந்தர் மந்தரில் தொடங்கிய போராட்டம் அது. ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், மார்பில் பதக்கங்களோடு இருந்த முதியவர்களைக் காவலர்கள் அங்கிருந்து அகற்ற முயன்ற காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்கள் யாரைப் பார்த்துக் கேட்டார்கள்? அரசாங்கத்தைப் பார்த்து. எந்த உறுப்பினர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்று பெயர் சொல்லிக் கேட்க அவர்களிடம் பட்டியல் இல்லை.

இந்தத் திட்டத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2011 டிசம்பரில் இதைப் பரிந்துரைத்தது. 2014 பிப்ரவரி 17 அன்று, நம் சிவகங்கையிலிருந்து போன நிதியமைச்சர் ப. சிதம்பரம், இடைக்கால வரவு செலவுத் திட்ட உரையில் இதை ஏற்பதாக அறிவித்து 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். ஆட்சி மாறியது. 2014 ஜூலையில் அருண் ஜேட்லி 1,000 கோடி என்றார். 2015 செப்டம்பர் 5 அன்று மனோகர் பாரிக்கர் திட்டத்தை அறிவித்தார். நவம்பர் 7 அன்று ஆணை வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓய்வூதியத் தொகை மறுசீரமைப்பு என்றது ஆணை. ஆண்டுதோறும் வேண்டும் என்று கேட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு: 2014இல் நிதியமைச்சர் வெளியிட்ட அந்த அறிவிப்பு, அன்றைய அமைச்சரவையின் பரிந்துரை இல்லாமல் வெளியிடப்பட்டது. அதைப் படித்தபோது என்னைப் போன்ற கிளார்க்குகளுக்கு வந்த சிரிப்பு கசப்பான சிரிப்பு. அமைச்சர் அவையில் எழுந்து நின்று சொன்னதற்கே இந்தக் கதி என்றால், தேர்தல் மேடையில் சால்வையோடு சொன்னதற்கு எந்த நீதிமன்றத்தில் மதிப்பு இருக்கும்?

2022 மார்ச் 16 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் திட்டத்தின் வடிவத்தில் குறுக்கிடவில்லை. 2019 ஜூலை 1 முதல் செய்திருக்க வேண்டிய மறுசீரமைப்பைச் செய்யுமாறு மட்டும் உத்தரவிட்டது. அமைச்சரவை ஒப்புதல் வந்தது 2022 டிசம்பர் 23 அன்று. நிலுவையைத் தவணையில் கொடுப்போம் என்றார்கள். அதற்கும் நீதிமன்றமே கண்டித்துத் தேதி குறிக்க வேண்டியிருந்தது: குடும்ப ஓய்வூதியர்களுக்கும் வீரப் பதக்கம் பெற்றவர்களுக்கும் 2023 ஏப்ரல் 30க்குள், எழுபது வயது கடந்தவர்களுக்கு ஜூன் 30க்குள், மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரிக்குள். 2019இல் கைக்கு வர வேண்டிய பணம் 2024 வரை இழுத்தது. இடையில் பெருந்தொற்று. எங்கள் ஊரிலேயே அந்தப் பணத்தைப் பார்க்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த நான்கரை ஆண்டும் 17ஆவது மக்களவையின் காலம். உங்களில் பலர் அப்போதும் உறுப்பினர்கள்தான்.

இதில் ஒரு கட்டத்தில்கூட மக்களவையில் பெயர் பதிந்து வாக்கெடுப்பு நடக்கவில்லை. மற்றவற்றிலும் இல்லை. 2020 ஏப்ரலில் மூன்று தவணை அகவிலை நிவாரணத்தை நிறுத்தியது ஒரு நிர்வாக ஆணை. பதினெட்டு மாத நிலுவை இன்றுவரை வரவில்லை. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் படைச் சேர்க்கைத் திட்டம், ஒரு தலைமுறை இளைஞர்களின் வாழ்க்கைக் கணக்கையே மாற்றியது. நான்காண்டு வேலை, நாலில் ஒருவருக்குத்தான் தொடர வாய்ப்பு, மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இதற்கு மசோதா எதுவும் வரவில்லை. 2023 செப்டம்பரில் ஊன ஓய்வூதிய விதிகளைத் திருத்தி எழுதியதும் ஓர் ஆணைதான். எங்களை அதிகம் பாதித்த முடிவுகள் எல்லாம் உங்கள் அவைக்கு வெளியே எடுக்கப்பட்டவை. உங்கள் அவைக்கு உள்ளே வருவது ஆண்டுக்கு ஒருமுறை அந்த மானியக் கோரிக்கை மட்டும். அதையும் கில்லட்டினுக்குக் கொடுத்துவிட்டால் எங்களுக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எதை வைத்துச் சொல்வது?

ஒதுக்கீடு என்ற அந்தப் பெரிய எண் எங்கள் வாசலுக்கு வரும்போது எப்படி இருக்கிறது என்று ஒன்று சொல்கிறேன். சங்கக் கட்டடத்தில் மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு நாயக்கின் மனைவி, எழுபதைத் தாண்டியவர், மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள் கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓரம் பொடிந்த ஓய்வூதியக் கொடுப்பாணை, ஆதார், வங்கிப் புத்தகம். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியத்துக்கு மாற்ற வேண்டும். படைப்பிரிவில் என்னைப் போன்ற எவனோ ஒரு கிளார்க் 1970களில் இந்திக்காரன் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்த பெயர் ஒன்று; ஆதாரில் இருக்கும் பெயர் இன்னொன்று. கொடுப்பாணையில் பிறந்த தேதியே இல்லை, வருடம் மட்டும் இருக்கிறது. பாதுகாப்பு ஓய்வூதியம் வழங்கும் ஸ்பர்ஷ் இணையதளம் இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்கிறது. பொருந்த வைக்க ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். அங்கே குடும்ப விவரங்களைப் பதிந்த 'பகுதி இரண்டு' ஆணையைத் தேட வேண்டும். அவர்கள் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை அந்த அம்மாவின் பேரன் பார்த்துச் சொல்ல வேண்டும். பேரன் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டில் இருக்கிறான். அதுவரை கடைக்காரர் கடன் கொடுக்கிறார், பட்டாளத்துக்காரர் வீடு, எங்கே போய்விடும் என்ற நம்பிக்கையில்.

இது ஓர் அம்மாவின் கதை என்று ஒதுக்க முடியாது. 2022 ஏப்ரல் மாத ஓய்வூதியம், ஆண்டு அடையாளச் சரிபார்ப்பு ஏறவில்லை என்ற காரணத்தால் 58,275 பேருக்கு வரவில்லை என்று பாதுகாப்பு அமைச்சகமே சொன்னது. நாடு முழுவதும் கூச்சல் எழுந்த பிறகு சிறப்புச் சலுகை என்று மே 4 அன்று பணம் போட்டார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு உயிரோடு இருக்கச் சலுகை.

மருத்துவம் பற்றி நீட்ட மாட்டேன். 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் நல்ல திட்டம், என் முழங்கால் அதற்குச் சாட்சி. 2025-26இல் அதற்கு 8,317 கோடி. தனியார் மருத்துவமனைகளுக்குத் தர வேண்டிய பில் தேங்கினால் அவர்கள் அட்டையைப் பார்த்ததும் படுக்கை காலி இல்லை என்கிறார்கள் என்பது மட்டும் உங்கள் காதில் விழட்டும்.

ஓய்வூதியச் செலவு பெருத்துவிட்டது, தளவாடம் வாங்கப் பணம் இல்லை என்று கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் அந்த 1,60,795 கோடி முழுவதும் சீருடை போட்டவர்களுக்குப் போகவில்லை. படைகளின் தொழிற்சாலைகளிலும் டிப்போக்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிவிலியன்களின் ஓய்வூதியமும் அதே தலைப்பில்தான் வருகிறது. சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதில் வெளியே வருவது அவன் விருப்பம் இல்லை. இளமையான படை வேண்டும் என்று நாடு வகுத்த விதி. இதையெல்லாம் எடுத்துவைக்க ஒரு விவாதம் வேண்டும். விவாதமே நடக்காததால் எண் மட்டும் தலைப்புச் செய்தியாகிறது, நாங்கள் பாரமாகிறோம்.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். நாங்கள் எதிர்வரிசை, 2024இல் 39 இடமும் ஒரே அணிக்குப் போனது, மத்தியில் ஆட்சி வேறு அணிக்குப் போனது, எங்கள் கையில் என்ன இருக்கிறது? அடுத்து, 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா சொன்னபடிதான் கை தூக்க வேண்டும், மீறினால் பதவி போகும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம் நியாயமானது: மானியக் கோரிக்கையை எதிர்த்து வாக்களித்தால் "படைவீரர் ஓய்வூதியத்தையே எதிர்த்தார்" என்று நாளைக்குச் சுவரொட்டி ஒட்டுவார்களே?

ஒட்டுவார்கள்தான். ஆனால் எதிர்க்காமலேயே பதிவை உண்டாக்க உங்கள் விதிப் புத்தகத்தில் வழி இருக்கிறது. வெட்டுத் தீர்மானம். அதில் அடையாள வெட்டு என்று ஒரு வகை: கோரிக்கைத் தொகையிலிருந்து நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று ஒரு குறிப்பிட்ட குறையைச் சொல்லித் தீர்மானம் கொடுப்பது. ஒன்றரை லட்சம் கோடிக்கு மேற்பட்ட தொகையில் நூறு ரூபாய். அதனால் எவருடைய ஓய்வூதியமும் குறையாது. "ஸ்பர்ஷில் விதவைகளின் பெயர்ப் பிழை திருத்தக் காலவரம்பு இல்லாத குறை" என்று அந்தத் தாளில் உங்கள் பெயரோடு அச்சாகும். கில்லட்டின் விழுந்தால் அந்தத் தீர்மானமும் சேர்ந்து விழும், தெரியும். விழுந்தாலும் அச்சான தாள் இருக்கும். எதிர்வரிசையில் இருப்பவருக்கு இதற்குத் தடையே இல்லை. சொல்லப்போனால் எதிர்வரிசைக்காகவே ஏற்பட்ட கருவி அது.

இன்னொன்று, டிவிஷன் கேட்பது. குரல் வாக்கெடுப்பின் முடிவை ஓர் உறுப்பினர் ஏற்காவிட்டால் எண்ணிப் பதியும் வாக்கெடுப்பைக் கேட்கலாம். கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று திருச்சி சிவா போன்றவர்கள் தீர்மானம் கொடுத்திருந்தும், எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும், குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். அன்று அதைக் கேட்டார்கள், மறுத்தார்கள் என்ற செய்தி மட்டும் நாட்டுக்கே தெரிந்தது. கிடைக்கும்போது என்ன ஆகும் என்பதற்கு 2025 ஏப்ரலில் வக்பு மசோதா. 288க்கு 232 என்று மக்களவையில் எண்ணினார்கள், எந்தக் கட்சி எந்தப் பக்கம் என்று டீக்கடை வரை தெரிந்தது. எங்கள் கோரிக்கைக்கு டிவிஷன் கேட்டு எவரும் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்தவர் இருந்தால் தேதியோடு எழுதுங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.

பாதுகாப்புக்கான நிலைக்குழுவும் இருக்கிறது. இரு அவைகளிலிருந்தும் 31 பேர். கில்லட்டினில் போகும் கோரிக்கைகளைக்கூட அந்தக் குழு வரி வரியாகப் பார்க்கிறது. அறிக்கையின் பின்னிணைப்பில் எந்தக் கூட்டத்துக்கு யார் வந்தார் என்ற பட்டியல் அச்சாகிறது. நம் நாட்டில் இந்த விஷயத்தில் ஒருவரை எடைபோடக் கிடைக்கும் ஏடு அதுதான். அந்தக் குழுவில் இடம் கேட்டு உங்கள் கட்சித் தலைமைக்கு எழுதியவர் எத்தனை பேர்? இருந்தவர்கள் ஓய்வூதியக் கோரிக்கை வந்த நாளில் அறையில் இருந்தார்களா? குழு அறிக்கைகளை நான் படிக்கிறேன். நேரம் கிடைக்கும்போது நீங்களும் படிக்கலாம்.

இனி நேராகக் கேட்கிறேன்.

பதவியில் இருப்பவர்கள் நான்கு விஷயங்களை எழுத்தில் தாருங்கள். கடந்த மூன்று வரவு செலவுக் கூட்டத்தொடர்களில் பாதுகாப்பு ஓய்வூதியக் கோரிக்கையில் நீங்கள் கொடுத்த வெட்டுத் தீர்மானம் எது, என்ன தேதி. ஓய்வூதியம், இ.சி.எச்.எஸ்., ஊன ஓய்வூதியம் பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளின் எண்களும் வந்த பதில்களும். ஊன ஓய்வூதிய வழக்கைப் பற்றி ஒன்று தனியாக: படையில் சேரும்போது திடமாக இருந்தவனுக்குப் பிறகு நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஜெயித்த சிப்பாய்மேல் அரசு மேல்முறையீடு போடுகிறது. எத்தனை மேல்முறையீடு, வழக்கறிஞர் செலவு எவ்வளவு என்று கேட்டீர்களா? நான்காவது, அக்னிபத்தில் சேர்ந்து நான்காண்டு முடிந்து வரும் அக்னிவீரர்களில் உங்கள் தொகுதிப் பையன்கள் எத்தனை பேர் என்ற கணக்காவது உங்களிடம் இருக்கிறதா? முதல் அணி 2022இன் கடைசியிலும் 2023இன் தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. அவர்கள் திரும்பி வந்து கேட்கப்போவது உங்களைத்தான். முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லாததால் மாவட்ட நல அலுவலகத்தில் அவர்களுக்கு எந்த நாற்காலியும் இல்லை.

ஒன்றும் செய்யவில்லை என்றால் "இல்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்பினாலும் போதும். மழுப்பல் வேண்டாம். படையில் "இல்லை" என்பதும் முறையான ரிப்போர்ட்தான்.

வேட்பாளர்களிடம் கேட்பது வேறு. செய்யப்போவதாகச் சொல்லும் ஐம்பது வாக்குறுதிகளில் எங்களுக்கு ஆர்வம் இல்லை. வென்றால் முதல் வரவு செலவுக் கூட்டத்தொடரிலேயே ஓய்வூதியக் கோரிக்கையில் உங்கள் பெயரில் ஓர் அடையாள வெட்டுத் தீர்மானம் கொடுப்பீர்களா, எந்தக் குறையைச் சொல்லிக் கொடுப்பீர்கள், கில்லட்டின் அறிவிக்கும் நாளில் எழுந்து டிவிஷன் கேட்பீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முன்பே ஏதாவது அவையில், உள்ளாட்சியிலோ சட்டமன்றத்திலோ, இருந்தவர் என்றால் அங்கே படைவீரர் குடும்பங்களின் வீட்டுவரிச் சலுகைக்கோ மனைப் பட்டாவுக்கோ என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பதில்களை மாவட்டத்தில் உள்ள சங்கங்களின் முகவரிக்கு அஞ்சலில் அனுப்பினால் போதும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பார்க்காமல், ஒரு வரியும் வெட்டாமல், வந்த தேதி முத்திரையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். டிசம்பர் 7, கொடி நாள் அன்று எல்லாரும் கூடுவோம். அன்று மைக்கில் படிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நேரில் வர விரும்புபவர்களுக்கும் அழைப்பு உண்டு. சால்வை வேண்டாம், கேள்வி எண்களைக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நாயிப் சுபேதார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.